லினக்ஸில் சில தனிக்குடித்தனங்கள்

லினக்ஸ் என்று ஒருமையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் இருக்கிறது. "எனக்கு லினக்ஸ் வேண்டும்" என்று ஒருவர் ஆசையோடு போய்க் கேட்டால், விஷயம் தெரிந்தவர், "எந்த லினக்ஸ்?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் அங்கேயே மனம் தளர்ந்து, பழையபடி விண்டோஸுக்கே திரும்பிவிடுவார். நான் பார்க்க இப்படித் திரும்பியவர்கள் அநேகம் பேர்.

சமாசாரம் இதுதான். 1991-ம் வருஷம் பின்லாந்து தேசத்தில், ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது 'கெர்னல்' என்னும் உட்கருவை மட்டுமே. கம்ப்யூட்டரின் உறுப்புகளை ஆட்டி வைப்பது அதன் வேலை. அதை மாத்திரம் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது. திரையில் ஜன்னல் திறக்க ஒன்று, கடிதம் எழுத ஒன்று, புதிய சாப்ட்வேரைக் கொண்டுவந்து சேர்க்க ஒன்று என்று எத்தனையோ துணைக் கருவிகளைத் திரட்டி, ஒழுங்காகக் கட்டி, "இந்தாருங்கள்" என்று கையில் கொடுக்க யாராவது வேண்டும். அப்படிக் கட்டிக் கொடுக்கும் மூட்டைக்குத்தான் 'டிஸ்ட்ரோ' என்று பெயர். அரிசி ஒன்றுதான், ஒரு வீட்டில் இட்லியாகிறது, இன்னொரு வீட்டில் புட்டாகிறது.

இவற்றிலும் இரண்டு ஜாதி உண்டு. பெரும்பாலானவை கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2004-ல் பிறந்த உபுண்டு, டெபியன் என்ற பெரிய வீட்டிலிருந்து அரிசி பருப்பு வாங்கிச் சமைக்கிறது. மின்ட் என்பது உபுண்டுவிடமிருந்து வாங்குகிறது. நம் சென்னையில் சி-டாக் ஸ்தாபனத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வம்சம்தான். சில மட்டும் யாரையும் சாராமல், தனி அடுப்பு மூட்டித் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. தங்களுக்கு வேண்டிய ஒவ்வொரு பொருளையும் தாங்களே புடைத்து, தாங்களே இடித்துக்கொள்கின்றன. அந்த வீடுகள் சிலவற்றில் சில மாத காலம் நான் விருந்தாளியாகத் தங்கிவிட்டு வந்தேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

விருந்துக்குப் போகக் காரணம், என்னிடம் இருந்த பழைய லாப்டாப். 2014-ல் வாங்கியது. நாலு ஜி.பி. ஞாபகசக்தி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனியார் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ இந்த யந்திரம் லாயக்கில்லை என்று தள்ளிவிட்டார்கள். பழுது ஒன்றும் இல்லாத சாமானைப் பழைய பேப்பர்காரனிடம் போட மனம் வரவில்லை.

"ஏன் ஸார் இந்த வம்பு? எல்லாரும் போடுகிற உபுண்டுவையே போட்டுவிட்டுப் போகக் கூடாதா?" என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு வேறொரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்தத் தனி வீடுகளில் பல, ஒரே மனிதர் தொடங்கி, ஒரே மனிதர் முதுகில் நின்றவை. அந்த மனிதர் ஒரு நாள் படுத்துவிட்டால், அல்லது போதும் என்று எழுந்து போய்விட்டால், வீட்டில் அடுப்பு எரியுமா? என் வேலை முழுவதையும் அந்த வீட்டில் கொண்டுபோய் வைக்குமுன் இதைக் கேட்க வேண்டாமா?

பழம் பெரும் வீடு

முதலில் போனது ஸ்லாக்வேர். இன்று உயிரோடு இருக்கும் டிஸ்ட்ரோக்களில் இதுவே மூத்தது. 1993 ஜூலையில் பாட்ரிக் வோல்கர்டிங் என்ற அமெரிக்கர் வெளியிட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் எஜமான் அவரேதான்.

வீட்டுக்குள் நுழைவது லேசல்ல. பென் டிரைவிலிருந்து எழுப்பினால் கறுப்புத் திரை வரும். ஹார்ட் டிஸ்கை நீங்களே பாகம் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறகு 'செட்டப்' என்று அடித்தால், நீலப் பின்னணியில் பழைய காலத்துக் கேள்விப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வரும். நிதானமாகப் பதில் சொன்னால் ஒரு தகராறும் இல்லை. எல்லாம் முடிந்து மறுபடி எழுப்பினால், படமோ பாட்டோ கிடையாது. 'டார்க்ஸ்டார்' என்ற பெயரோடு மறுபடியும் கறுப்புத் திரை, பெயரைச் சொல் என்று கேட்கிறது. 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று நீங்கள் அடித்தால்தான் ஜன்னல்கள் திறக்கும்.

இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்துப் போனது அதன் ஒளிவுமறைவு இல்லாத சுபாவம். எது எங்கே இருக்கிறது என்பது சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருக்கிறது. திறந்து படிக்கலாம், திருத்தலாம். நடுவில் தரகர் கிடையாது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அந்தக் கோப்புகளை வரிசையாகப் படித்தேன். யந்திரம் கண் விழிப்பதிலிருந்து என் பெயரைக் கேட்பது வரை என்னென்ன நடக்கிறது என்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று. பத்து வருஷம் விண்டோஸில் வேலை செய்தும் தெரியாத சங்கதி அது.

பிடிக்காததும் உண்டு. ஒரு சாப்ட்வேரைப் போட்டால், அதற்குத் துணையாக வேண்டியவற்றைத் தானே தேடிக் கொண்டுவரும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை. வேண்டியவற்றை நீங்களே விசாரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வரவழைக்க வேண்டும். ஒரு சின்னக் கருவிக்காக அதன் தாயாதி பங்காளி நாலு பேரை அழைத்து வந்தேன். ஒரு முறை செய்தால் படிப்பு. வாரா வாரம் செய்தால் தண்டனை.

பயமும் உண்டு. 2004-ல் வோல்கர்டிங் கடுமையாக நோய்வாய்ப்பட்டபோது, தம் வியாதியின் அறிகுறிகளை விவரமாக எழுதி, யாராவது உதவ முடியுமா என்று இன்டர்நெட்டிலேயே கேட்டார். விற்பனையிலிருந்து தமக்கு வர வேண்டிய பணம் சரிவர வரவில்லை என்று 2018-ல் அவரே வெளிப்படையாக எழுத, உபயோகிப்பவர்கள் நேரே அவருக்குப் பணம் அனுப்பினார்கள். 2016-ல் வந்த 14.2 பதிப்புக்கு அடுத்த 15.0 பதிப்பு வெளிவந்தது 2022 பிப்ரவரியில். ஐந்தரை வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள்; ஆனால் வீட்டைவிட்டு ஓடியவர்கள் அதிகமில்லை. ஒரு கம்பெனியிடம் யார் இவ்வளவு பொறுமையாக இருப்பார்கள்?

அடுப்பை விட்டுப் போனவர்கள்

எஜமான் இருக்கும் வீட்டைப் பார்த்தோம். எஜமான் காணாமற்போன வீட்டையும் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கு வாய்டு லினக்ஸ்.

வாய்டு என்றால் வெறுமை, சூன்யம். இப்படி ஒரு பெயரைத் துணிந்து வைத்தவர் ஹுவான் ரொமேரோ பார்டினெஸ். அவர் நெட்பிஎஸ்டி என்ற வேறொரு அமைப்பில் வேலை பழகியவர். 2008-ல் தாம் எழுதிய சாப்ட்வேர் சேர்க்கும் கருவியைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காகத் தொடங்கிய வீடு, நாளடைவில் பெரிதாகிவிட்டது. 2018 மே மாதத்தில் மற்ற வேலைக்காரர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ஜனவரி மாதக் கடைசியிலிருந்து அவரோடு தொடர்பே இல்லை; சாவிகளோ அவரிடம்! மூல நிரல்களை வைத்திருந்த இடத்தில் புதியவர்களைச் சேர்க்கும் அதிகாரம் மற்றவர்களுக்கு இல்லை. வெப்சைட் பெயரும் அவர்கள் கைக்குள் இல்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அழுதுகொண்டு உட்காரவில்லை. நிரல்கள் யாவரும் பிரதி எடுக்கக்கூடியவை ஆதலால், அவ்வளவையும் புதிய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். புதிய பெயரில் வெப்சைட் வைத்தார்கள். சாவிகளைப் பலர் கையில் கொடுத்தார்கள். உபயோகிப்பவர்களில் பலருக்கு வீடு மாறியதே உறைக்கவில்லை. ஒரு முகவரியை மாற்றிக்கொண்டதோடு சரி.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டுதான் வாய்டைப் போட்டேன். அரை மணியில் வேலை முடிந்தது. என் கிழட்டு லாப்டாப், விண்டோஸ் காலத்தில் கண் விழிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் காபி போட்டுக் குடித்துவிடலாம். வாய்டில் டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் விழித்துக்கொண்டுவிட்டது. காரணம் இருக்கிறது. யந்திரம் எழுந்ததும் எந்தெந்த வேலையைத் தொடங்குவது என்று ஆணையிடும் மேஸ்திரி ஒருவர் எல்லா லினக்ஸிலும் உண்டு. இந்நாளில் அநேக வீடுகளில் 'சிஸ்டம்டி' என்ற பெரிய மேஸ்திரிதான். வாய்டில் 'ரன்இட்' என்ற சின்ன மேஸ்திரி. அவருக்கு அதிகப் பேச்சு இல்லை. சாப்ட்வேர் சேர்ப்பதும் வெகு சுறுசுறுப்பு. துணைச் சாமான்களைத் தானே கொண்டுவந்துவிடுகிறது. வைஃபைதான் கொஞ்சம் மக்கர் செய்தது. அந்தச் சில்லுக்கு வேண்டிய சமாசாரம், இலவசமாகக் கிடைத்தாலும் திறந்த நிரல் அல்ல என்பதால், அதைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். அந்த அறைக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

எஜமான் எழுந்து போன வீடுகள் இன்னும் இருக்கின்றன. சோலஸ் லினக்ஸைத் தொடங்கிய ஐகி டோஹர்டி 2018-ல் விலகினார். மற்றவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். ஆனால் 2023 தொடக்கத்தில் அதன் வெப்சைட்டே வாரக்கணக்கில் படுத்துவிட, எல்லாரும் கதை முடிந்தது என்று நினைத்தார்கள். ஏப்ரலில் பழைய ஆட்கள் சிலர் திரும்பி வந்து எழுப்பி உட்கார வைத்தார்கள். பார்வைக்கு லட்சணமான வீடு. எழுதுவதும் படிப்பதுமாக இருப்பவர்களுக்கு அதிகத் தொந்தரவு கொடுக்காதது. ஆனால் நான் அங்கே தங்கியிருந்த பத்து நாளும், ஒரு கண்ணை அந்த வெப்சைட் மீதே வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கிஸ் லினக்ஸ் என்ற மிகச் சிறிய வீட்டை 2019-ல் கட்டிய டிலன் அராப்ஸ் என்பவர் வெகுகாலம் மௌனமாக இருந்துவிட்டு, 2024-ல் தாம் விவசாயத்தில் இறங்கிவிட்டதாக ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் இல்லாத வேலை. தினம் பத்துப் பேர் வந்து, இது ஏன் ஓடவில்லை, அது ஏன் ஓடவில்லை என்று அதட்டுகிறார்கள். அதற்கு நாற்றங்கால் எவ்வளவோ மேல்.

சரி, சம்பளம் கொடுக்கும் பெரிய கம்பெனி பின்னால் இருந்தால் இந்தக் கவலை தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. இன்டெல் கம்பெனியார் 2015 முதல் கிளியர் லினக்ஸ் என்ற தனி வீட்டை நடத்தினார்கள். வேகத்தில் அதற்கு ஈடில்லை என்று பெயர் வாங்கியது. 2025 ஜூலையில் ஒரு நாள், இன்று முதல் பாதுகாப்புத் திருத்தங்களும் கிடையாது என்று அறிவித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். முன்னறிவிப்பு ஒரு வாரம்கூட இல்லை. தனி மனிதர் காணாமற்போன வாய்டு நிற்கிறது. கோடீசுவரக் கம்பெனி நடத்திய வீடு பூட்டிக் கிடக்கிறது.

கல்லுரலும் கணக்குப் பிள்ளையும்

ஜென்டூவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அதன் அன்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். வேகமாக நீந்தும் ஒருவகைப் பெங்குவின் பறவையின் பெயர் அது. இங்கே எல்லாம் கல்லுரலில் அரைத்துத்தான். சமைத்த பண்டமாகச் சாப்ட்வேரை வாங்காமல், மூல நிரலை வாங்கி, உங்கள் யந்திரத்திலேயே, உங்களுக்கு வேண்டிய பக்குவத்தில் அரைத்துக்கொள்ள வேண்டும். வேண்டாத அம்சத்தை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். ருசிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரவுசர் ஒன்றை ராத்திரி எட்டு மணிக்கு அரைக்கப் போட்டேன். விடிந்து பால்காரர் மணி அடித்தபோதும் அரைந்துகொண்டிருந்தது. லாப்டாப்பின் அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி கொதித்தது. இந்தக் கஷ்டத்தை உணர்ந்துதான் 2023 டிசம்பரில், அரைத்து வைத்த மாவையும் கொடுக்கிறோம் என்று அறிவித்தார்கள். தொடக்கியவரான டானியல் ராபின்ஸ் 2004-லேயே விலகிவிட்டார். வீடு அசையவில்லை.

ஆர்ச்சும் அப்படியே. 2002-ல் கனடாக்காரர் ஜட் வினெட் தொடங்கியது. 2007-ல் வேறொருவர் கைக்கு மாறி, 2020-ல் ஓட்டெடுத்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வீட்டைவிட, அவர்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்புப் புஸ்தகம் பெரிய சொத்து என்பது என் அபிப்பிராயம். வேறு எந்த லினக்ஸில் சிக்கினாலும் நான் ஓடிப்போய்ப் பார்ப்பது அதைத்தான். ஆல்பைன் என்று ஒன்று உண்டு. அதன் அடிப்படை மூட்டை ஐந்து மெகாபைட் அளவுதான். உலகத்துச் சர்வர்களில் கணக்கில்லாமல் ஓடுகிறது. 2025 ஜனவரியில், தங்கள் யந்திரங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் அந்தத் தொழிலையே நிறுத்துவதால் வேறு இடம் வேண்டும் என்று அவர்கள் பகிரங்கமாகக் கேட்க வேண்டி வந்தது. அதன்மேல் நின்று சம்பாதிக்கும் கம்பெனிகள் எத்தனை!

என்னை அசத்தியது நிக்ஸ்ஓஎஸ். எல்கோ டோல்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 2003-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்தது. அடிப்படை யோசனை வெகு எளியது: யந்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரே கோப்பில், மளிகைச் சீட்டு மாதிரி எழுதிவிட வேண்டும். சீட்டைப் பார்த்துக் கணக்குப் பிள்ளை வீட்டையே கட்டிக் கொடுத்துவிடுகிறார். சீட்டை மாற்றினால் புது வீடு கட்டுகிறார். ஆனால் பழைய வீட்டை இடிப்பதில்லை. பரீட்சை பார்ப்பதற்காக, வேண்டுமென்றே திரைக்கு வேண்டிய வரிகளை எடுத்துவிட்டேன். எதிர்பார்த்தபடி ஜன்னல்கள் வரவில்லை. மறுபடி எழுப்பும்போது வரும் பட்டியலில் நேற்றைய வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் நேற்று இருந்தபடி இருந்தது! ஆனால் சீட்டு எழுதும் பாஷை கொஞ்சம் கரடுமுரடு. பழைய வீடுகள் சேரச் சேர என் சின்ன ஹார்ட் டிஸ்க் மூச்சுத் திணறிற்று. 2024-ல் அங்கே பெரிய மனஸ்தாபம் ஏற்பட்டு, டோல்ஸ்ட்ரா நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். அதே வருஷம் தேர்தல் நடத்தி வழிகாட்டும் குழு ஒன்றை அமைத்தார்கள்.

தேர்தல் என்றதும் டெபியனைச் சொல்ல வேண்டும். 1993 ஆகஸ்டில் இதைத் தொடங்கியபோது இயான் மர்டாக் இருபது வயது மாணவர். காதலியின் பெயரான டெப்ராவையும் தம் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். 1996-லேயே பொறுப்பைப் பிறர் கையில் கொடுத்துவிட்டார். 1998-ல் இந்த வீட்டுக்கு ஓர் அரசியல் சட்டமே எழுதினார்கள். வருஷந்தோறும் தலைவர் தேர்தல் நடக்கிறது. 2015 டிசம்பரில், நாற்பத்திரண்டாவது வயதில் மர்டாக் காலமானார். 2017-ல் வந்த ஒன்பதாவது பதிப்பை அவருக்குச் சமர்ப்பணம் செய்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்கள். பதின்மூன்றாவது பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது.

டெபியனைப் போடும்போது இன்னொரு சந்தோஷம். எந்தப் பாஷையில் கேள்வி கேட்கட்டும் என்ற பட்டியலில் 'தமிழ்' இருக்கிறது. சித்திரத் திரையில் போட்டால்தான் அது தெரியும். வெறும் எழுத்துத் திரைக்கு நம் கொம்பும் புள்ளியும் எழுத வராது. ஸ்லாக்வேரின் கறுப்புத் திரையில் என் தமிழ்க் கோப்புகளின் பெயர்களெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததும் இதனால்தான். ஜன்னல் திறந்த பிறகு எந்த வீட்டிலும் தமிழ் படிப்பதில் கஷ்டமில்லை. தமிழ்99 முறையில் அடிக்கவும் எல்லாவற்றிலும் வழி இருந்தது. டெபியனில் அதை மௌஸாலேயே முடித்தேன். வாய்டில் இரண்டு மூட்டைகளைப் பெயர் சொல்லி வரவழைத்தேன்.

கடைசியில் என் லாப்டாப்பில் தங்கியது வாய்டு. ஆறு மாதமாக அதில்தான் எழுதுகிறேன். இந்தக் கட்டுரையும் அதில் அடித்ததுதான். வீட்டில் பெரியவர்கள் உபயோகிக்கும் கம்ப்யூட்டரில் டெபியன் போட்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் ஊரில் இல்லாதபோதும் அது ஓட வேண்டும். ஸ்லாக்வேர் ஒரு பென் டிரைவில் இருக்கிறது. வோல்கர்டிங் தம் வீட்டில் செய்யும் மாறுதல்களை நாட்குறிப்புப் போல எழுதி வெளியிடுகிறார். அதை மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய லாப்டாப் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டெபியன், வாய்டு, சோலஸ் ஆகியவற்றை ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது. வைஃபை, சத்தம், தமிழ் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். போடத் தீர்மானித்துவிட்டால், போட்டோக்களையும் கடிதங்களையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருங்கள்.